ஒரு வயிறு குறைகிறது

"அவையின்ரை வயிறென்ன தங்கத்திலையோ செய்தது? அரை மணித்தியாலம் வந்து படுத்தால் தேய்ஞ்சு போமோ?"

யூஜினி போனைச் சோபாவில் எறிந்தாள். நாலு பேருக்கு எடுத்தாயிற்று. நாலு பேருக்கும் நாளைக்குத்தான் உலகத்து வேலையெல்லாம் வந்து குவிந்திருந்தது.

மகள் நிரோஷினி கொலிச்சில் அல்ட்ராசவுண்ட் எடுக்கப் படிக்கிறாள். நாளைக் காலை ஒன்பது மணிக்குச் செய்முறைச் சோதனை. ஈரல், பித்தப்பை, சிறுநீரகம் என்று ஒவ்வொன்றாக ஸ்கான் பண்ணிக் காட்ட வேண்டும். படுக்கிற ஆளை மாணவரே கூட்டிக்கொண்டு போக வேண்டும். வீட்டு ஆட்கள் கூடாது, அதே வகுப்பில் படிக்கிறவர்களும் கூடாது. ஆள் இல்லையென்றால் சோதனையும் இல்லை. பிறகு அடுத்த வருசம்தான்.

வருவதாகத் தலையாட்டியிருந்த மரியரட்ணம் அண்ணை, வெள்ளிக்கிழமை பின்னேரம் பார்த்துக் கையை விரித்தார்.

"காலமை தேத்தண்ணி குடிக்காமல் வரவேணுமாமே தங்கச்சி? எனக்கு அது சரிவராது."

கோயிலில் பழக்கமான லெஸ்லியின் மனைவியிடம் வேறு காரணம் இருந்தது.

"உதிலை ஏதும் நோய் வருத்தம் தெரிஞ்சால், ஞாயிற்றுக்கிழமை பூசை முடியமுன்னம் கோயில் முழுக்கக் கதை வந்திடும் அக்கா."

யூஜினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கலியாணத்துக்கு ஐஞ்சு பேருக்குச் சொன்னால் எட்டுப் பேராய் வந்து சாப்பிடத் தெரியுது. அப்ப கொண்டுவந்த வயிறு இப்ப எங்கை போச்சு?"

"அம்மா, கத்தாதேங்கோ." நிரோஷினி அறையிலிருந்து வந்தாள். "ஆள் கிடைச்சிட்டுது. சிவானி எண்டு ஒரு அக்கா. நாளைக்கு வேலைக்கு லீவு போட்டிட்டு வாறாவாம்."

"காசு தாறமெண்டு சொன்னனியோ?"

"இல்லை. நான் ஆள் தேடுறன் எண்டு கேள்விப்பட்டு அவவே மெசேச் போட்டவ."

மறுநாள் காலை மில்லிக்கன் வீட்டிலிருந்து கார் புறப்பட்டது. யூஜினிக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. மரியரட்ணம் அண்ணையின் தேத்தண்ணியை இரண்டு சிக்னல் வரைக்கும் திட்டி முடித்த பிறகுதான் சிவானியின் ஞாபகம் வந்தது.

"அந்தப் பிள்ளை உன்ரை வகுப்பில்லையோ?"

"இல்லை அம்மா. எனக்கு ஒரு வருசம் முந்தினவ. போன வருசமே முடிச்சிருக்கவேணும். பாவம்."

"ஏன், பெயிலோ?"

"பெயில் இல்லை. கிளினிக்கிலை பழகேக்கை இத்தனை பேரை ஸ்கான் செய்யவேணும் எண்டு கணக்கு இருக்கு. அவவுக்கு ஒரு ஆள் குறைஞ்சுபோச்சு. கடைசி நாள், கடைசி ஆள். எங்கடை தமிழ் அன்ரி ஒராளாம். ஸ்ரூடன்ட் எண்டு சொன்னவுடனை கட்டிலாலை எழும்பிட்டாவாம். கிளினிக் பழகிறதை முழுக்கத் திரும்பச் செய்யிறா."

"எங்கடை சனமோ!" யூஜினி ஸ்டியரிங்கில் ஓங்கி அடித்தாள். "ஒரு பிள்ளையின்ரை வருசத்தைத் திண்டுபோட்டு அந்த மனுசி என்னெண்டு நித்திரை கொள்ளுறா? என்ரை கண்ணிலை மட்டும் தட்டுப்படட்டும், நாக்கைப் பிடுங்கிற மாதிரி நாலு கேட்பன்!"

"இட்ஸ் ஓகே அம்மா. வேண்டாமெண்டு சொல்ல அவவுக்கு ரைற் இருக்கு."

"மண்ணாங்கட்டி ரைற்! அவவும் ஒரு பிள்ளையைப் பெத்தவதானே?"

ஸ்டீல்ஸ் தெருவில் ஒரு பிளாசா வாசலில், குளிருக்குத் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டபடி ஒரு பெண் நின்றாள். நிரோஷினி கையைக் காட்டினாள். அவள் ஓடிவந்து பின்கதவைத் திறந்து ஏறினாள்.

"குட் மோர்னிங் அன்ரி. தேத்தண்ணியும் குடிக்கேல்லை, ஒண்டும் சாப்பிடேல்லை. நிரோ பயப்பிடத் தேவையில்லை."

சிரித்தபடி தொப்பியைக் கழற்றினாள். பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் அந்த முகத்தைக் கண்டதும் யூஜினியின் கை கியரிலேயே நின்றுவிட்டது.

போன வைகாசியில் வயிற்று நோவென்று அவள் போயிருந்த கிளினிக். கட்டிலில் படுத்திருந்தபோது இதே முகம் குனிந்து, "அன்ரி, நான் ஸ்ரூடன்ட். நான் செய்தால் பரவாயில்லையோ?" என்று கேட்டது.

போர்த்தியிருந்த துவாயை வீசிவிட்டு யூஜினி எழும்பினாள். "என்ரை வயிறு உங்களுக்கு எழுதிப் பழகுற கொப்பியோ? பெரிய ஆளைக் கூப்பிடும்!"

கதவுக்கு வெளியே இருந்தவர்களெல்லாம் எட்டிப் பார்க்கும்படியாக அன்று கத்தினாள். அந்தப் பிள்ளை கீழே கிடந்த துவாயைப் பொறுக்கி, மடித்து வைத்துவிட்டுப் போனது. வீட்டுக்கு வந்து யூஜினி அதைப்பற்றி மூச்சுக் காட்டவில்லை. அப்போது சொந்த மகளும் அதே படிப்பில்தான் இருந்தாள்.

இப்போது கண்ணாடியில் சிவானியின் கண்களும் அவளையே பார்த்தன. அந்தச் சிரிப்பு ஒரு கணம் நின்றது. அவளுக்கும் ஆளைத் தெரிந்துவிட்டது.

பின்னால் வந்த கார்க்காரன் ஹோனை அடித்தான். யூஜினி அசையவில்லை.

நிரோஷினி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்னம்மா? உங்களுக்குச் சிவானி அக்காவை முந்தியே தெரியுமோ?"

பதில் பின்சீற்றிலிருந்து வந்தது.

"இல்லை நிரோ, அன்ரியை நான் இண்டைக்குத்தான் காணுறன். காரை எடுங்கோ அன்ரி, உங்கடை பிள்ளைக்கு நேரம் போகுது."