ஒன்பதாம் நம்பர்

மேனேஜரின் எதிரே உட்கார்ந்திருந்த உதவிக் கோச்சுக்கு அதைச் சொல்லவே பயம். ஆனால் இன்று தோற்றால் அவர்களுடைய கால்பந்து கிளப் கீழ் டிவிஷனுக்கு இறங்கிவிடும். வாயைத் திறந்துதான் ஆக வேண்டும்.

"சார், ஒன்பதாம் நம்பரை இன்னைக்கு உட்கார வெச்சிடலாம்."

நம்பர் சொல்லிப் பேசுவது, மேனேஜர் பதவிக்கு வந்த அன்றே போட்ட சட்டம். டீம் எடுக்கும்போது யார் பெயரும் வரக்கூடாது, நம்பர்தான். பெயரைச் சொன்னால் பாசம் வந்துவிடுமாம்.

"ஏன், அவனுக்கு என்ன குறைச்சல்?" மேனேஜர் சீறினார்.

"பந்து ஒரு பக்கம் போகுது, அவர் ஒரு பக்கம் ஓடுறார் சார். பாதி ஆட்டத்துலயே மூச்சு வாங்குது."

"இந்தக் கிளப்பைத் தூக்கி நிறுத்தினவன்யா அவன்!"

"அது அப்போ சார். இப்ப கிளப்தான் அவரைத் தூக்கிட்டுத் திரியுது."

மேனேஜர் மேஜையில் ஓங்கித் தட்டினார். "முதுகுக்குப் பின்னால யார் வேணா பேசலாம். தைரியம் இருந்தா அவன் மூஞ்சிக்கு நேரா சொல்லு, பார்க்கலாம்!"

"சொல்லிட்டேன் சார்."

"என்ன சொன்னான்?"

"இன்னும் பதில் சொல்லல சார். கோட்டு பட்டனைத்தான் திருகிக்கிட்டு இருக்கார்."

மேனேஜரின் விரல்கள் பட்டனிலேயே நின்றன. தன் வேலை போச்சு என்று உதவிக் கோச் முடிவுகட்டிவிட்டார்.

மேனேஜர் மெல்லக் கோட்டைக் கழற்றினார். உள்ளே, ஆட்டத்துக்குத் தயாராக ஒன்பதாம் நம்பர் ஜெர்சி. அதையும் உருவி உதவிக் கோச்சின் மடியில் எறிந்துவிட்டு, வெற்று மார்பின் மேல் கோட்டை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அவன்கிட்ட நான் பேசிக்கிறேன். கொஞ்சம் அழுவான். ஆனா மேனேஜர் பேச்சைத் தட்டமாட்டான்."