லாக்கப்பில் இருக்கிறார்

"அந்தக் கம்மலை மொதல்ல காதுல மாட்டும்மா. போன்ல பேசினவன் போலீசே கெடையாது!"

விறகுத்தொட்டி துலுக்கானம் அதட்டினார். அம்பத்தூரில் அந்தத் தெருவுக்கே அவர் விறகுக் கடையில் இருப்பதுதான் ஒரே போன். பக்கத்து வீட்டுச் சாமுண்டீஸ்வரிக்குப் போன் வந்திருக்கிறது என்று கூப்பிட்டனுப்பியதும் அவர்தான். வந்தாள், கேட்டாள், ரிசீவரை வைத்த கையோடு கம்மலைக் கழற்றிவிட்டாள்.

"நம்ம ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர் பேசறேன்னாரு, அண்ணாத்தே. 'உன் புருசன் உலகநாதன் எங்க லாக்கப்புல இருக்கான், நூறு ரூபா குடுத்தா கேஸ் இல்லாம விட்டுடறேன்'னு சொன்னாரு. பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுல மப்டியில ஒரு கான்ஸ்டபிள் நிப்பாராம்."

"நிப்பான், நிப்பான்! துட்ட வாங்கிகினு அடுத்த பஸ்ல ஏறிடுவான். பேரு, ஊடு எல்லாம் விசாரிச்சு வெச்சுகினுதான் இவனுங்க போன் போடறானுங்க. போன வாரம் நம்ம தெரு ராணிக்கும் இதே கதைதான். புள்ள லாக்கப்புல கீறான்னு சொல்லவும், பாவம், அண்டா குண்டாவெல்லாம் அடகு வெச்சுக் குடுத்துச்சு. சாயங்காலம் பாத்தா புள்ள பாட்டுக்கு கம்பெனிலேர்ந்து சைக்கிள் மிதிச்சுகினு வரான்!"

சாமுண்டீஸ்வரி கம்மலை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"உன் ஊட்டுக்காரர் பம்பாய்க்கு வேலைக்குப் போயிகீறாருன்னு நீதானே சொன்னே? பம்பாயில கீற மனுசன் நம்ம ஸ்டேஷன் லாக்கப்புக்கு எப்படி வருவாரு? ரோசன பண்ண வேணாமா?"

துலுக்கானத்துக்கு மனசு கேட்கவில்லை. அந்தத் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவள். அப்பளம் போடப் போய்த் தனியாளாகக் காலம் தள்ளுகிறாள். அந்தக் கம்மலை விட்டால் அவளிடம் பொட்டுத் தங்கம் கிடையாது. அதையும் ஒரு களவாணிப் பயல் கொண்டு போவதா?

"இரு, இப்பவே ஸ்டேஷன்ல கேட்டுடறேன்."

"வேணாம், அண்ணாத்தே!"

அவர் கேட்கவில்லை. நம்பரைச் சுற்றினார்.

"வணக்கம் சார். உலகநாதன்னு ஒருத்தரு அங்க லாக்கப்புல கீறாரா?"

பதில் அவளுக்கும் கேட்கட்டும் என்று ரிசீவரை அவள் பக்கம் திருப்பினார்.

"அப்படி யாரையும் நாங்க பிடிக்கல. வைய்யா போனை!"

"உன் காதாலயே கேட்டுட்டே இல்ல?"

"கேட்டேன்."

"அப்புறம் இன்னா? ஊட்டுக்குப் போம்மா."

அவள் வீட்டுக்குப் போகவில்லை. அடகுக்கடை இருக்கும் பக்கமாக விடுவிடுவென்று நடந்தாள். துலுக்கானம் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஓடிப்போய் மறித்தார்.

"புத்தி கெட்டுப் போச்சா உனுக்கு? திருடன்னு தெரிஞ்சும் தூக்கிக் குடுக்கப் போறியா?"

"திருடன்தான். எனுக்கும் தெரியும்." அவள் நின்றாள். "பம்பாய்னு சொன்னது அக்கம்பக்கத்துக்குப் பயந்துகினு சொன்னது. எமர்ஜென்சி வந்தப்புறம், கம்பெனி வாசல்ல கொடி புடிச்சாருன்னு, அந்த ஸ்டேஷன் ஜீப்புலதான் அவர என் கண்ணு முன்னாடி இஸ்துகினு போனாங்க. நான் போய் நிக்கற அன்னிக்கெல்லாம் இப்ப சொன்ன அதே பதில்தான். இத்தினி மாசத்துல அவரு உசுரோட கீறாருன்னு சொன்னது இந்தத் திருடன் ஒருத்தன்தான், அண்ணாத்தே!"