பக்கத்துப் பல்கலைக்கழகம்

வணிக நிர்வாகம் படிக்க இரண்டு பல்கலைக்கழகங்கள் மகளைக் கூப்பிட்டிருந்தன. பெரியது, வேறொருவரைக் கட்டிக்கொண்டு அம்மா போன ஊரில் இருந்தது. சின்னது, அப்பா பஸ் ஓட்டும் தடத்தில்.

“பெரிசுக்காகத்தானேடி ராப்பகலாப் படிச்சே? அம்மாவும் அங்கதான் இருக்கா.”

“நான் போய்ட்டா உங்க மொக்க ஜோக்குக்கு யாருப்பா சிரிப்பா? உங்க பஸ்லயே போய்ட்டு வரேன்.”

சின்னதற்கே சம்மதம் அனுப்பினாள்.

அப்பா உடனே கண்டக்டருக்குப் போன் போட்டார். “ஆத்தாளா அப்பனான்னு வந்தப்போ என் பொண்ணு என்னைத்தான்யா எடுத்தா!”

அந்தக் குரல் குளியலறை வரை கேட்டது. கதவைத் தாழிட்டுக்கொண்டு, நேற்று அம்மா அனுப்பிய செய்தியைக் கடைசியாக ஒருமுறை படித்துவிட்டு அழித்தாள்.

“இங்க வந்துடாதே கண்ணு. எனக்குப் பொண்ணு இருக்கிறதையே இவர்கிட்ட நான் சொல்லலை.”