தோளில் ஒரு கை

"ஒரு இழை முடிகூட வெட்டுப்படக் கூடாது தம்பி. ஆனா அந்தக் கை மட்டும் படத்துல இருக்கவே கூடாது."

சொல்லிவிட்டுப் பெரியவர் மேசைமேல் படத்தை வைத்தார். பாதிப் படம்தான் இருந்தது. மீதியைக் கத்தரிக்கோல் தின்றுவிட்டது. கடற்கரையில் ஒரு பெண் வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். கூந்தல் மொத்தமும் ஒரு பக்கமாகப் பறந்து தோளில் விழுந்திருக்கிறது. அந்தத் தோளில், முடிக்கு நடுவே, ஓர் ஆணின் கை. கைக்குச் சொந்தக்காரனைக் காணோம். வெட்டப்பட்டுவிட்டான்.

ஸ்டுடியோவின் எடிட்டர் படத்தைக் கையில் எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"என்னப்பா, உன்னாலயும் ஆகாதா? ஏற்கெனவே ரெண்டு கடை ஏறி இறங்கிட்டேன். ஒருத்தன் வெட்டிக் கொடுத்ததைப் பார்த்தா, பொண்ணு தலையில சட்டியைக் கவிழ்த்த மாதிரி இருக்கு. இன்னொருத்தன் தொடவே மாட்டேன்னுட்டான். அப்புறம் அவ அம்மாதான், இந்தக் கடைக்கே போங்கன்னு ஒத்தக் கால்ல நின்னா."

"இவங்க... உங்க பொண்ணா சார்?"

"ஆமா. போயிட்டா."

"எங்க?"

பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். "எங்கன்னு கேட்டா நான் என்னத்தைச் சொல்ல? ரத்தத்துல பெரிய வியாதி. போன மாசம் எங்களை விட்டுப் போயிட்டா. சுவத்துல மாட்டத்தான் இந்தப் படம்."

எடிட்டர் எழுந்து உள்ளே போனான். குழாய்த் தண்ணீர் கொட்டும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. திரும்பி வந்தபோது முகமெல்லாம் ஈரம்.

"கண் எரிச்சல் சார். நாள் முழுக்க ஸ்கிரீனையே பார்க்கிற பொழைப்பு" என்றான்.

பெரியவர் அதையெல்லாம் எங்கே கவனித்தார்? பெத்த மனசு, பாவம், அதன் எரிச்சலே அதற்குப் பெரிதாக இருந்தது.

படம் ஸ்கேன் ஆகித் திரையில் வந்தது. அடுத்த நிமிடம் அதன் நிறமெல்லாம் வடிந்து கறுப்பும் வெள்ளையுமாக நின்றது.

"கத்தரிக்கிற மாதிரி ஓரமா வெட்டினா முடி போயிடும் சார். இதை வெளிச்சத்தை வெச்சுத்தான் பிரிக்கணும். மாஸ்க்னு சொல்வோம். வானம் வெளிச்சம், முடி இருட்டு. வெளிச்சமா இருக்கிறதை மட்டும் எடுத்துடுன்னு சொன்னா, முடி தானா நின்னுடும்."

வானம் மறைந்தது. பறந்த முடி ஒவ்வொன்றும் நின்ற இடத்திலேயே நின்றது.

"இருக்கு! அத்தனையும் இருக்கு!" பெரியவர் திரையருகே குனிந்தார். "கடைசியில ஒரு முடி இல்ல தம்பி. மருந்து ஏற ஏற எல்லாம் கொட்டிப்போச்சு. இந்தக் கோலத்துல என்னை யாரும் பார்க்கக் கூடாதுன்னு போனை அணைச்சுத் தூக்கிப் போட்டவதான். அப்புறம் யார்கிட்டயும் பேசலை."

எடிட்டர் மவுஸை விட்டுவிட்டான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் மறுபடி பிடித்தான்.

"இந்தக் கை யாரோடது சார்?"

"எவனுக்குத் தெரியும்? எவனையோ விரும்பினா. பேரைச் சொல்ல வந்தா, நான் காதைப் பொத்திக்கிட்டேன். அவன் மூஞ்சியை இதுவரைக்கும் நான் பார்த்ததில்ல. பார்க்கப் பிடிக்காமத்தான் அவ அம்மாகிட்ட படத்தைக் கொடுத்து வெட்டச் சொன்னேன். என் பொண்ணு ஆஸ்பத்திரியில கிடந்தாளே, ஒரு நாள் எட்டிப் பார்த்தானா? கல்நெஞ்சக்காரன்!"

"விஷயம் தெரிஞ்சிருந்தா வந்திருப்பான் சார்."

"நீ என்ன அவனுக்கு வக்காலத்து வாங்கறே?"

"சும்மா சொன்னேன் சார்." அவன் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டான். "முடியும் கையும் பிரிஞ்சிடுச்சு. ஆனா கையும் தோளும் ஒரே வெளிச்சம். எது யாரோட தோல்னு மாஸ்குக்குத் தெரியலை. இனிமே நான்தான் கொஞ்சம் கொஞ்சமா அழிக்கணும்."

"அழி. அதுக்குத்தானே வந்திருக்கேன். ஆமா, கையை எடுத்தா அந்த இடம் ஓட்டையா நிக்காதா?"

"அந்தப் பக்கத் தோளைப் பார்த்து, இந்தப் பக்கம் அதே மாதிரி வரைஞ்சிடுவோம் சார். யாருக்கும் வித்தியாசம் தெரியாது."

முதலில் கட்டை விரல் போனது. பிறகு ஒவ்வொரு விரலாக. சுண்டு விரலுக்கு வந்ததும் எடிட்டர் இரண்டு முறை அழித்து, இரண்டு முறையும் திரும்பக் கொண்டுவந்தான். மூன்றாவது முறை கண்ணை மூடிக்கொண்டு அழித்தான். அதன் பிறகு தோளை அவன் வரையவில்லை என்றே சொல்ல வேண்டும். பழகிய வழியில் போவதுபோல மவுஸ் தானாகப் போயிற்று.

பிரிண்ட் வெளியே வந்தது. பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். கடைக்குள் வந்த பிறகு முதல் முறையாக அவர் முகம் மலர்ந்தது.

"அடேயப்பா! அப்படியே உயிரோட நிக்கிறா. உன் கைக்குத் தங்கக் காப்புதான் போடணும் தம்பி!"

முடியைத் தடவிக்கொண்டே வந்த அவருடைய விரல், கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் நின்றது. அங்கே இலை போல ஒரு சின்னத் தழும்பு.

"இது சின்ன வயசுல வெந்நீர் கொட்டின தழும்பு" என்றார் மெதுவாக. "இதை மறைக்கத்தான் எப்பவும் முடியை இந்தப் பக்கமா விட்டுக்குவா. வெளியில ஒருத்தருக்கும் தெரியாது."

பழைய படத்தை எடுத்துக் கண்ணருகே கொண்டுபோனார். அந்த இடத்தை முழுக்க மூடிக்கொண்டு அந்தக் கைதான் இருந்தது.

"அந்தப் பக்கத் தோளைப் பார்த்து வரைஞ்சேன்னு சொன்னே. அங்க தழும்பு இல்லையேப்பா?"

எடிட்டர் மவுஸின் மேல் இருந்த கையை மெல்ல மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டான்.

பெரியவர் படத்தில் இருந்த கையைப் பார்த்தார். பிறகு அவன் முகத்தை, முதல் முறையாக, நன்றாகப் பார்த்தார்.

"அவ அம்மா ஒத்தக் கால்ல நின்னது இதுக்குத்தானா?"