ஜூனியைப் பார்த்துக்கொள்பவள்

தூங்குகிற ஜூனியை மடியில் இறுக்கிக்கொண்டு நோரீன் மறுபடியும் கதவைப் பார்த்தாள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வைத்திருக்கும் இவள் ஓடத்தான் போகிறாள் என்று கார்லாவுக்குப் பட்டது. தன் நாற்காலியை இழுத்து வழியை மறித்தாற்போல் போட்டுக்கொண்டாள்.

அமெரிக்காவின் டுலூத் நகர நூலகத்தின் கீழ்த்தளம். வரிக்கணக்குக் காலத்தில் சனிக்கிழமைதோறும் இங்கே காசு வாங்காமல் கணக்கு எழுதித் தருவார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த ஆர்லோ, துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், பேனாவைத் திறந்தார்.

"மூணு கேள்வி கேட்டே ஆகணும், கார்லா. ஒண்ணுக்கு 'ஆமாம்'னாலும் வரிக் கழிவு கிடையாது. குழந்தையப் பார்த்துக்க நீங்க சம்பளம் குடுக்கற ஆள், உங்களைக் கட்டினவரா?"

"என்னைக் கட்ட இந்த ஊர்ல எவனுக்குத் தைரியம்?"

"உங்க மூத்த பிள்ளையா?"

"இவளா? நான் என்ன அவ்வளவு கிழவியாவா தெரியறேன்?"

"குழந்தையோட அப்பாவோ அம்மாவோவா?"

"ஜூனிக்கு அம்மா நான் ஒருத்திதான். எழுதிக்கோங்க." கார்லாவின் குரல் தேவைக்கு மேல் உரத்துவிட்டது. பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

ஆர்லோ மூன்றுக்கும் 'இல்லை' போட்டுவிட்டுத் தாளை நோரீன் பக்கம் நகர்த்தினார். "இப்ப உன் அரசாங்க அடையாள நம்பர், அதான் சோஷியல் செக்யூரிட்டி நம்பர், கீழ ஒரு கையெழுத்து. முடிஞ்சுது வேலை."

"என்னால முடியாது," என்றாள் நோரீன்.

வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளக் கொடுத்த சம்பளத்தில் ஒரு பங்கை அரசாங்கம் வரியில் கழித்துவிடும். அந்தப் பணம் கைக்கு வந்தால்தான் வீட்டுக் கணப்பை ரிப்பேர் பார்க்க முடியும். அது படுத்ததிலிருந்து நான்கு வயது ஜூனி கோட்டும் கம்பளித் தொப்பியுமாகத்தான் தூங்குகிறாள்.

கார்லா லேசில் மசிகிற ஆளும் இல்லை. பிறந்து இரண்டே நாளான ஜூனியைத் தத்தெடுத்து, பனிப்புயலில் தனி ஆளாக இரண்டு மாநிலம் தாண்டி வண்டியோட்டி வீடு கொண்டுவந்து சேர்த்தவள்.

"வரி கட்டணுமேன்னு பயமா? சொல்லித் தொலை. அதுல பாதியை நான் தர்றேன்."

"காசு விஷயம் இல்லை, கார்லா. வேணும்னா இனிமே சம்பளமே வேண்டாம். சும்மாவே பார்த்துக்கறேன்."

சும்மாவா? அந்த ஒரு வார்த்தையில் கார்லாவுக்கு எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. ஆள் தேவை என்று விளம்பரம் கொடுப்பதற்கு முன்பே வந்து கதவைத் தட்டியவள் இவள். சம்பளத்தை ரொக்கமாகத்தான் வாங்குவாள், செக் கொடுத்தால் வேண்டாம் என்பாள். ஜூனியோடு சேர்த்துப் போட்டோ எடுக்கப் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். எந்தப் பிறந்தநாள் படத்தைப் பார்த்தாலும் நோரீனின் செம்பட்டைப் பின்னந்தலைதான் இருக்கும்.

"யாருக்குப் பயந்து ஒளிஞ்சு திரியறே நீ? போலீஸுக்கா?"

நோரீன் ஜூனியின் தொப்பியைச் சரிசெய்தாள்.

"நோரீன், உன்னைத்தான் கேக்கறேன். என் பிள்ளையை இத்தனை நாளா யார்கிட்ட விட்டுட்டுப் போயிருக்கேன்?"

ஆர்லோ இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சண்டையை ஆற்றுகிறவர்போலச் சொன்னார்.

"நம்பர் குடுக்கலேன்னாலும் வழி இருக்கு. கேட்டோம், தரமாட்டேன்னுட்டாங்கன்னு ஒரு தாள் எழுதி இணைச்சுடலாம். பேரும் விலாசமும் போட்டாப் போதும். சந்தேகம் வந்தா வரி ஆபீஸ்லயே இவங்க யார் என்னன்னு தோண்டிப் பார்த்துக்குவாங்க."

"எழுதுங்க," என்றாள் கார்லா. "நல்லாத் தோண்டட்டும். நீ நாளையிலேர்ந்து என் வீட்டுப் பக்கமே வராதே. குழந்தையைக் குடு இப்படி."

கையை நீட்டினாள். நோரீன் கொடுக்கவில்லை. தொப்பிக்குள்ளிருந்து வழிந்த ஜூனியின் செம்பட்டை முடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"குடுன்னு சொல்றேன்ல!"

சத்தத்தில் ஜூனி விழித்துக்கொண்டு, அம்மா ஏன் கத்துகிறாள் என்று புரியாமல் நோரீனின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கார்லாவுக்கு அது பொறுக்கவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து வந்து மகளைப் பிடுங்காத குறையாக வாங்கினாள்.

ஆர்லோ புதுத் தாளை எடுத்து நோரீனின் பேரை எழுத ஆரம்பித்தார். நோரீன் அவர் கையை எட்டிப் பிடித்தாள்.

"வேண்டாங்க. அவங்க தோண்டினா, பொய்க் கணக்கு எழுதினாங்கன்னு பாவம் கார்லாவைத்தான் பிடிப்பாங்க. நான் கையெழுத்துப் போட்டாலும் அதே கதிதான்."

"நான் எங்கேடி பொய் சொன்னேன்?" கார்லா சீறினாள்.

நோரீன் எழுந்து கோட்டை மாட்டினாள். காலியாகிவிட்ட கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு கணம் நின்றாள்.

"மூணாவது கேள்விக்கு நீங்க சொன்ன பதில் தப்பு, கார்லா."