கடைசி விரல்

“மெஷின் யாருக்கும் முகதாட்சண்யம் பார்க்காது. அதுதான் அதோட அழகு” என்றார் மேலாளர்.

ஆஸ்பத்திரிகளுக்கு விரிப்பும் உறையும் வெளுத்துக் கொடுக்கிற அந்தச் சலவைக்கூடத்துக்கு, விரல் ரேகையை வைத்து வருகை பதிகிற மெஷின் வந்து ஒரு மாதம் ஆகிறது. அது முதல் மேலாளருக்குக் கால் தரையில் பாவவில்லை. முப்பத்தொரு பேரில் முப்பது பேர் ஒரு நாள்கூட லேட் இல்லை. பத்து மணிக்கு முதலாளியம்மா வந்து அவருக்குக் கேடயம் கொடுக்கப்போகிறார். தினமும் ஒன்பதுக்கு வருகிற மனிதர், இன்றைக்கு ஏழுக்கே வந்துவிட்டார்.

“கையெழுத்து நோட்டும் கூட இருந்திருக்கலாம் சார்” என்றார் வாட்ச்மேன். போன மாதம் வரை அந்த நோட்டு அவர் பொறுப்பு.

“உங்க நோட்டுல எல்லாருமே எட்டு மணிக்குத்தான் வந்திருக்காங்க. எட்டு அஞ்சுன்னு ஒரு நேரம் இருக்கறதே அதுக்குத் தெரியாது.”

வாட்ச்மேன் சிரிப்பை அடக்கிக்கொண்டார். “இல்ல சார், அந்த இஸ்திரி அக்கா விஷயம்...”

“வக்காலத்து வேண்டாம்.”

முப்பத்தொன்றாவது ஆள் அந்த இஸ்திரி அக்காதான். இருபத்துநாலு வேலை நாளும் லேட். எட்டு மூணு, எட்டு ஆறு, எட்டு நாலு. கூட வேலை செய்கிறவர்களே ‘லேட்டு அக்கா’ என்று பேர் வைத்துவிட்டார்கள். கூப்பிட்டால் அக்காவும் சிரித்துக்கொண்டே திரும்புவார். அவரை வேலையை விட்டு நிறுத்தும் கடிதம் மேலாளரின் சட்டைப்பையில் தயாராக இருந்தது.

கூடத்துக்குள் போன மேலாளர் அப்படியே நின்றுவிட்டார். லேட்டு அக்கா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் மடித்த விரிப்புகள் இடுப்பு உயரத்துக்கு இருந்தன.

“எப்ப வந்தீங்க?”

“இப்பத்தான் சார்.”

பின்னாலிருந்து வாட்ச்மேன் தொண்டையைக் கனைத்தார். “தினமும் அஞ்சரைக்கே வந்துடுவாங்க சார். இஸ்திரி மேஜை சூடேற ஒரு மணி நேரம் ஆகும்ல. அதைத்தான் சொல்ல வந்தேன்.”

“அப்புறம் மெஷின்ல ஏன் லேட்?”

“அது எனக்கும் புரியல சார்.”

அதையும் பார்த்துவிடுவது என்று மேலாளர் கதவோரம் நின்றுகொண்டார்.

ஏழு ஐம்பதுக்கு முன்னால் மெஷின் யார் விரலையும் ஏற்காது. கூடுதல் நேரத்துக்குச் சம்பளம் கேட்பார்களே என்று அப்படி வைத்தது மேலாளர்தான். பத்து நிமிடத்துக்குள் அத்தனை பேரும் விரல் வைத்தாக வேண்டும். ஆளுக்கு இருபது நொடி.

வரிசை கூடியது. முதலில் நின்ற அக்கா மெதுவாக நகர்ந்தார். “நீ போம்மா, நான் முடியைக் கட்டிட்டு வரேன்.” அடுத்தவரிடம், “நீ போப்பா, செருப்பு எங்கேன்னு பார்க்கணும்.” செருப்பு காலில்தான் இருந்தது.

ஒவ்வொருவராக விரல் வைத்தார்கள். முப்பதாவது ஆள் உள்ளே போனபோது ஏழு ஐம்பத்தொன்பது.

அக்கா விரல் வைத்தார்.

“மறுபடியும் வைக்கவும்” என்றது மெஷின்.

கையைத் துடைத்துவிட்டு வைத்தார். ஊதிவிட்டு வைத்தார். விரலை மாற்றி வைத்தார். ஒவ்வொரு தடவையும் மெஷின் அதையே சொன்னது. பதினோராவது தடவைதான் “நன்றி” வந்தது. எட்டு நாலு.

“கையைக் காட்டுங்க” என்றார் மேலாளர்.

இருபது வருடம் சூட்டில் பழகிய விரல்கள். இஸ்திரி போட்ட துணி மாதிரி நுனியெல்லாம் வழவழவென்று இருந்தது. அதில் ரேகையைத் தேடினால் மெஷின்தான் என்ன செய்யும்?

“இதை ஏன் சொல்லல?”

“ரேகை பதியாதவங்களுக்கு இங்க வேலை இல்லைன்னு மெஷின் வந்த முதல் நாளே சொன்னீங்களே சார்.”

சொன்னது ஞாபகம் இருந்தது. மேஜை மேல் ஏறி நின்று சொன்னார். மேலாளருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

பத்து மணிக்கு முதலாளியம்மா வந்தார். “ஒரே மாசத்துல முப்பது பேரை டயத்துக்கு வரவெச்சிருக்கார் நம்ம மேலாளர்” என்று கேடயத்தை நீட்டினார். கூடமே கைதட்டியது.

மேலாளர் அதை வாங்கிக்கொண்டு நேராக இஸ்திரி மேஜைக்குப் போனார். அக்காவின் கையில் வைத்தார்.

“லேட்டு அக்காவுக்கா?” என்று யாரோ கிசுகிசுக்க, நாலு பேர் சிரித்தார்கள்.

“நாளையிலேருந்து மெஷின் அஞ்சரைக்கே திறந்திருக்கும்” என்றார் மேலாளர். “பக்கத்துலேயே வாட்ச்மேனோட நோட்டும் இருக்கும். எந்த விரலை மெஷின் ஏத்துக்கலையோ, அந்தக் கை நோட்டுல கையெழுத்துப் போடும்.”

வாட்ச்மேன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நெஞ்சை நிமிர்த்தினார்.

முதலாளியம்மா கையிலிருந்த பட்டியலைப் பார்த்தார். “இவங்க இருபத்துநாலு நாளும் லேட்டுன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?”

“ஆமாம்மா. முதல் ஆளா வந்துட்டு, மெஷின் முன்னால இவங்க மட்டும் கடைசியா நின்னாங்க. முதல்ல நின்னிருந்தா, இப்ப கைதட்டினவங்கள்ல பாதிப் பேர் தினமும் லேட்டு.”