சாவிக்கொத்து

"இந்த மிஷின் இல்லாம நான் வீட்டுக்கு வர மாட்டேன்."

"வராதே. வாங்கின ஒண்ணுக்கே இன்னும் போட்ட முதல் திரும்பல, அதுக்குள்ள..."

"உங்ககிட்ட யார் கணக்குக் கேட்டா?"

"யாரும் கேக்காததாலதான் உன் கடை இந்த லட்சணத்துல இருக்கு."

பழைய தையல் மிஷின்களைப் பழுது பார்த்து விற்கும் அந்தக் கடைக்குள், ஆட்களுக்கு முன்னால் அவர்கள் சண்டைதான் நுழைந்தது. அவள் தையல்காரி, கூட வந்தவன் புருஷன். நடுவில், துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மிஷின் ஒன்று பாவமாக நின்றுகொண்டிருந்தது.

கடைக்காரருக்குத் தெருவில் 'உடும்பு' என்று பெயர். ஒரு விலையைப் பிடித்தால் விடமாட்டார். இருபத்திரண்டு வருஷத்தில் சல்லிக்காசு இறங்கியதில்லை. இன்றைக்கு இறங்கினால் நாளைக்குக் கடைத்தெருவே கைகொட்டிச் சிரிக்கும். வாங்குகிறவர்களின் முகம்கூட அவருக்கு நினைவில் நிற்காது, மிஷின் நம்பர்தான் நிற்கும்.

சத்தம் கேட்டதும் அவர் மனைவி கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டே உள்ளறையிலிருந்து வேகமாக வந்தாள். அவர் கையை அசைத்து, நீ போ என்றார். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரும்பிவிட்டாள்.

உடும்பு தொண்டையைச் செருமினார். தொழிலென்றால் முதல் இரண்டு வருஷம் கையைக் கடிக்கத்தான் செய்யும் என்றார். நேரத்துக்குக் கடையைத் திறக்க வேண்டும், ஆள் வந்தாலும் வராவிட்டாலும் முகம் சுளிக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும், காசு தானாக வழி கேட்டுக்கொண்டு வரும் என்றார். "நானே பதினோரு மாசம் ஈ ஓட்டியிருக்கேன் தம்பி."

"அதெல்லாம் சரிண்ணே. விலை?"

"விலை அதேதான்."

அவ்வளவுதான். தையல்காரிக்கு உதடு துடித்தது. இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை உருவி மேசைமேல் எறிந்தாள். "இந்தாங்க. இனிமே கடையை நீங்களே கட்டிக்கிட்டு அழுங்க. நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன்."

சாவிக்கொத்து சறுக்கிக்கொண்டு வந்து உடும்பின் முழங்கையருகே நின்றது. எங்கேயோ கேட்ட சத்தமாக இருக்கிறதே என்று அவருக்கு ஒரு கணம் தோன்றியது. அதற்குள் அவள் வாசலைத் தாண்டிவிட்டாள். புருஷன் பின்னால் ஓடவும் மாட்டாமல், நிற்கவும் மாட்டாமல், தலையில் கை வைத்துக்கொண்டு ஸ்டூலில் சரிந்தான்.

ஒரு மிஷினுக்காக ஒரு குடும்பம் பிரிவதா? உடும்பின் பிடி முதல் தடவையாகத் தளர்ந்தது.

"அந்தப் பொண்ணைக் கூப்பிடுங்க தம்பி. ரெண்டாயிரம் குறைச்சுக்கறேன். ஆனா வெளியில மூச்சு விடக்கூடாது."

கூப்பிட வேண்டியே இருக்கவில்லை. அவள் கதவுக்கு அந்தப் பக்கம்தான் நின்றிருந்தாள். பணம் கைமாறியது. புருஷன் ஒரு பக்கமும் பெண்டாட்டி ஒரு பக்கமுமாகப் பிடித்து, ஒரே மூச்சில் மிஷினை வண்டியில் ஏற்றிவிட்டார்கள்.

உடும்புக்குத்தான் மனசு கேட்கவில்லை. மறந்துபோன சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு வண்டிவரை நடந்தார்.

"ஒண்ணு சொல்றேன் தங்கச்சி, தப்பா எடுத்துக்காதே. தொழில் பண்றவங்க மூணாம் மனுஷங்க முன்னாடி இப்படிச் சண்டை போடக்கூடாது."

வண்டியிலிருந்த புருஷன் வாயைப் பொத்திக்கொண்டு வேறு பக்கம் திரும்பினான். அவள் சாவியை வாங்கி நிதானமாக இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"போன வருஷம் முதல் மிஷினுக்கு நாங்க விலை குறைச்சுக் கேட்டப்போ, அண்ணியும் சாவியை எறிஞ்சிட்டு அம்மா வீட்டுக்குக் கிளம்பினாங்களே, இன்னும் போகலையாண்ணே?"